வால் தள்ளும், மற்ற துடுப்புகள் என்ன செய்யும்?

அனைவருக்கும் வணக்கம்.

மீன் வாங்கப் போனால் நாம் செவுளைத் தூக்கிப் பார்ப்போம், கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்போம், விரலால் அழுத்திப் பார்ப்போம். துடுப்பை யாரும் பார்ப்பதில்லை. வெட்டித் தருகிறவர் முதலில் நறுக்கிப் போடுவதும் அதைத்தான். அப்படிக் குப்பைக்குப் போகிற அந்த உறுப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். துடுப்பு உடம்பில் எங்கே இருக்கிறது, என்ன வடிவத்தில் இருக்கிறது, மடங்குமா மடங்காதா என்று கவனித்தால், அந்த மீன் எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறது, எப்படிப் பிழைக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

நீந்துவதற்கு உதவுவது துடுப்பு என்று பள்ளியில் படித்தோம். அது தவறில்லை, ஆனால் போதாது. பெரும்பாலான மீன்களை முன்னே தள்ளுவது உடம்பின் பின்பாதியும் வாலும்தான். அப்படியானால் முதுகில் ஒன்று, மார்பில் இரண்டு, வயிற்றில் இரண்டு, வயிற்றுக்குப் பின்னால் இன்னொன்று என்று இத்தனை எதற்கு?

செத்த மீன் வயிறு மேலே தெரியும்படி மிதப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பல மீன்களுக்குக் கனமான தசை மேல்பக்கம், காற்றுப்பை கீழ்ப்பக்கம். அதனால் உடம்பு எந்த நேரமும் கவிழப் பார்க்கிறது. உயிரோடு இருக்கும் வரை மீன் துடுப்புகளைச் சற்றே அசைத்து அசைத்துத் தன்னை நிமிர்த்தி வைத்துக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் ஒரு மீன் சும்மா நிற்கிறது என்று நினைத்து உற்றுப் பார்த்தால், மார்புத் துடுப்புகள் ஓயாமல் வேலை செய்வது தெரியும். செவுளிலிருந்து பின்னால் பீச்சுகிற தண்ணீர் மீனை முன்னே தள்ளும். அந்தத் தள்ளலையும் இந்தத் துடுப்புகள்தான் ஈடுகட்ட வேண்டும். அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது மீனுக்கு ஒரு வேலை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இவ்வளவு நுணுக்கமாக அசைக்க எப்படி முடிகிறது? எலும்பு மீன்களின் துடுப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய தோலுக்குள் கதிர்கள் தெரியும். மென்மையான ஒவ்வொரு கதிரும் ஒட்டியிருக்கும் இரண்டு பாதிகளால் ஆனது. இரண்டு ஓலைக் கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நுனியில் மட்டும் கட்டி, அடியில் ஒரு கீற்றை மட்டும் இழுத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாக வளையும். மீன் செய்வதும் அதே. அடியில் இருக்கும் சிறு தசை ஒரு பாதியை இழுத்தால் கதிர் முழுவதும் வளைகிறது. துடுப்புப் பரப்பில் தசையே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே வளைக்கலாம்.

சரி, இனி சந்தைக்கே போவோம். ஒரு மத்தியையும் ஒரு சங்கராவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மத்திக்கு மார்புத் துடுப்பு கீழே, வயிற்றை ஒட்டி இருக்கும். வயிற்றுத் துடுப்பு அதற்கு வெகு பின்னால் இருக்கும். சங்கராவுக்கு மார்புத் துடுப்பு பக்கவாட்டில் ஏறியிருக்கிறது. வயிற்றுத் துடுப்பு முன்னால் வந்து ஏறக்குறைய அதற்கு நேர் கீழே நிற்கிறது. வேறுபாடு சின்னதாகத் தெரியும், ஆனால் இரண்டு வாழ்க்கை முறைகளே இதில் அடங்கியிருக்கின்றன. மீன் சட்டென்று நிற்க வேண்டுமானால் மார்புத் துடுப்புகளை இருபுறமும் விரிக்கும். அவை அடியில் இருந்தால் இழுவை கீழ்ப்பக்கம் விழுந்து தலை குத்தும். பக்கவாட்டில் உயரே இருந்தால் அந்த விசை உடம்பின் நடுவழியே போகும், மீன் நேராக நிற்கும். நிற்கும்போது உடம்பு மேலே எழும்பாமல் முன்னுக்கு வந்த வயிற்றுத் துடுப்பு பிடித்துக்கொள்ளும். மத்தி திறந்த கடலில் கூட்டமாக ஓடுகிற மீன். பாறைக்கும் பவளத்துக்கும் நடுவே திரும்பி, நின்று, பின்வாங்கி இரை எடுக்கிற மீன்களுக்குத்தான் இந்த ஏற்பாடு அதிகம் தேவை.

கிளாத்தி கிடைத்தால் விடாதீர்கள். அதன் முதுகில் முன்னால் இருக்கும் தடித்த முள்ளை நிமிர்த்திவிட்டுக் கீழே அழுத்திப் பாருங்கள், மடங்காது. பின்னால் இருக்கும் இரண்டாவது சிறு முள்ளை அழுத்தினால் உடனே மடங்கும். ஆபத்து என்றால் பவள இடுக்குக்குள் நுழைந்து முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். வெளியே இழுக்கவே முடியாது.

அடுத்தது சூரை. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். வரிச்சூரைக்குக் காற்றுப்பையே இல்லை. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும், செவுளுக்குத் தண்ணீர் போகாமல் மூச்சும் நிற்கும். வாழ்நாள் முழுவதும் ஓடியே ஆக வேண்டிய மீன். எனவே அதன் உடம்பில் தண்ணீரைத் தடுக்கிற எதுவும் நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. முன் முதுகுத் துடுப்பு ஒரு பள்ளத்துக்குள் முழுதாகப் படிந்துவிடும். மார்புத் துடுப்புக்கும் உடம்பில் ஒரு குழிவு உண்டு. வால் பிறை வடிவம். வாலுக்கு முன்னால் உடம்பு மெலிந்து, இரு பக்கமும் கெட்டியான விளிம்போடு இருக்கும். பின்பக்கம் மேலும் கீழும் வரிசையாகச் சின்னச் சின்னத் துடுப்புகள். வஞ்சிரத்திலும் இவற்றைப் பார்க்கலாம். வாலுக்குப் போகிற நீரோட்டத்தைச் சீராக்குபவை இவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று மான்டெரே பே மீன் காட்சியகத்தோடு சேர்ந்து செய்த ஆய்வு சயின்ஸ் இதழில் வந்தது. சூரை தன் இரண்டாம் முதுகுத் துடுப்பையும் அதற்கு நேர் கீழே இருக்கும் துடுப்பையும் நிமிர்த்துவதற்குத் தசையோடு நிணநீரையும் பயன்படுத்துகிறது என்று அவர்கள் கண்டார்கள். துடுப்பின் அடியில் இருக்கும் அறைக்குள் நிணநீரை அழுத்தத்தோடு செலுத்தி, துடுப்பை விறைக்க வைத்துத் திரும்புகிறது. யானைக்கால் நோயில் காலில் தேங்கி வீங்க வைக்கிறதே, அதே நிணநீர். மண் அள்ளும் இயந்திரத்தின் கையை எண்ணெய் அழுத்தத்தால் தூக்குகிற வித்தையை ஒரு மீன் தன் உடம்புக்குள் வைத்திருக்கிறது.

மயில் மீனின் முதுகுத் துடுப்பு நமக்குத் தெரிந்ததே, விரித்தால் உடம்பை விட உயரமாக நிற்கும். இந்த மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று இன்னமும் பல இடங்களில் எழுதுகிறார்கள். அதை நம்ப வேண்டாம். அண்மைக் காலத்தில் தசை சுருங்கும் வேகத்தை வைத்தும் நேரில் படம் எடுத்தும் பார்த்தவர்கள், வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டுவது கடினம் என்கிறார்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. வேகமாக ஓடும்போது துடுப்பை மடக்கியே வைத்திருக்கும். மத்திக் கூட்டத்தை நெருங்கும்போதுதான் விரிக்கும். உடம்பு ஆடாமல் நிலைத்து நிற்பதால், நீண்ட மூக்கை மெதுவாகக் கூட்டத்துக்குள் நுழைக்க முடிகிறது. பக்கத்து மீன் உணர்வதற்குள் சட்டென்று பக்கவாட்டில் ஒரு வீச்சு, அவ்வளவுதான்.

கோலா மீன் என்றால் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கோலாவைப் பிடிக்கிற பழைய தொழில் சோழமண்டலக் கரையில் இருந்தது. அது இறக்கையை அடித்துப் பறப்பதில்லை. நீருக்குள் வேகம் எடுத்து மேலே பாய்ந்து, பெரிய மார்புத் துடுப்புகளை விரித்துக் காற்றில் சறுக்குகிறது. வாலின் கீழ்ப்பாதி மேல்பாதியை விட நீளம். உடம்பு முழுவதும் வெளியே வந்த பிறகும் அந்தக் கீழ்நுனி மட்டும் நீரில் பட்டு வினாடிக்கு 50 தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். காற்றில் ஏற்றுவது மார்புத் துடுப்பு, ஏறும் வரை தள்ளுவது அந்த வால்நுனி. 2008-இல் ஜப்பானியத் தொலைக்காட்சிக் குழு எடுத்த படத்தில் ஒரு கோலா 45 வினாடி நீரைவிட்டு மேலே இருந்தது. நானே அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், அலுக்கவில்லை.

துடுப்பு இன்னும் எதுவாகவெல்லாம் ஆகியிருக்கிறது என்று சொல்லப் போனால் பொழுது போதாது. சுறாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு திரிகிற ஒட்டு மீனின் தலையில் இருக்கும் உறிஞ்சுத் தட்டு, ஒரு காலத்தில் முதுகுத் துடுப்பாக இருந்ததுதான். தூண்டில் மீன்களின் நெற்றியில் ஆடுகிற இரையும் முதுகுத் துடுப்பின் முதல் முள். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் ஒரு மீன், மார்புத் துடுப்பிலிருந்து பிரிந்த கதிர்களால் தரையில் நடக்கிறது. அந்தக் கால்களாலேயே மணலுக்கடியில் இருக்கும் இரையை ருசி பார்த்துத் தோண்டுகிறது என்று 2024-இல் காட்டியிருக்கிறார்கள்.

ஓங்கில் என்கிற டால்பினும் ஆவுளியா என்கிற கடல் பசுவும் மீன் அல்ல, நம்மைப் போலப் பால் கொடுப்பவை. மீனின் வால் பக்கவாட்டில் அடிக்கும், இவற்றின் வால் மேலும் கீழும் அடிக்கும். நிலத்தில் ஓடும் பாலூட்டிகளின் முதுகெலும்பு மேலும் கீழும்தான் வளைகிறது. அந்த வழக்கத்தோடுதான் இவற்றின் முன்னோர் கடலுக்குத் திரும்பின. முன் துடுப்புக்குள் தோள், முழங்கை, விரல் எலும்புகள் எல்லாம் இருக்கின்றன. ஓங்கிலின் முதுகுத் துடுப்பில் எலும்பே இல்லை, ரத்தக் குழாய்கள் நிறைய. கொழுப்புப் போர்வைக்குள் தேங்கும் சூட்டை அது வழியாகக் கடலுக்கு விடுகிறது. பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்று காப்பகமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்காரனாக இதில் எனக்குப் பெருமை உண்டு.

கடைசியாகச் சுறா. இதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. ஈரலில் உள்ள எண்ணெய் ஓரளவு தூக்கும், மீதியை நீந்தும்போது மார்புத் துடுப்பு தூக்க வேண்டும். சுத்தியல் போன்ற தலை உள்ள பெரிய கொம்பன் சுறாவின் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பை விட நீளம். அது ஏன் என்று நெடுங்காலம் புரியவில்லை. சுறாக்களின் உடம்பில் கருவி பொருத்திப் பார்த்தவர்கள் 2016-இல் வெளியிட்டதைக் கேளுங்கள்: அது பெரும்பாலான நேரம் 50 முதல் 75 பாகை வரை ஒருக்களித்தே நீந்துகிறது. முதுகுத் துடுப்பே அப்போது தூக்குகிற துடுப்பாகிவிடுகிறது. அப்படிப் போனால் தண்ணீரின் தடையும் குறைகிறது.

இந்தத் துடுப்பைத்தான் சூப்புக்காக வெட்டுகிறார்கள். அதில் இருக்கும் நாருக்குத் தனி ருசி கிடையாது. ருசி முழுவதும் கூடச் சேர்க்கும் சாற்றிலிருந்து வருகிறது. நம் கரையில் சுறாவை முழுதாகக் கொண்டுவந்து புட்டாகவும் கருவாடாகவும் சாப்பிடுகிறோம், அதை நான் குறை சொல்லவில்லை. கடலிலேயே துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடம்பை உயிரோடு எறிவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தச் சுறாவுக்குத் தூக்கும் உறுப்பும் போய்விட்டது, தள்ளும் உறுப்பும் போய்விட்டது. ஓடினால்தான் மூச்சு என்று இருக்கும் இனமானால் அடித்தரையில் கிடந்து மூச்சு முட்டிச் சாகும்.

2013 ஆகஸ்டில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், துடுப்புகள் உடம்போடு ஒட்டிய நிலையில்தான் சுறாவைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னது. 2015 பிப்ரவரியில் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. உடம்போடு வந்தால் எந்த இனம், ஆணா பெண்ணா, குட்டியா என்று எழுதி வைக்கலாம். காய்ந்த துடுப்பு மட்டும் வந்தால் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். சுறாவுக்கு உறவான ஊசிமூக்குத் திருக்கை இனங்கள் சிலவற்றின் துடுப்புக்குச் சந்தையில் மிக அதிக விலை. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டீஸ்; 2019-இல் ஜெனீவாவில் கூடிய அதன் மாநாடு அவற்றின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு விதித்தது. ஆழம் குறைந்த மணல் தரையில் வாழ்வதால் அவை இழுவைமடி வலையில் எளிதில் அகப்படுகின்றன. ஆனால் ஒன்று, அவற்றுக்குக் கண்ணுக்குப் பின்னால் தண்ணீர் உள்ளிழுக்கும் துளை உண்டு, தரையில் கிடந்தபடியே மூச்சு விடும். மடியில் உயிரோடு வந்தால் வெயிலில் போட்டு வைக்காமல் உடனே கடலில் விட்டுவிடுங்கள், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.