குழாய் வந்தாலும் அதே மண்தான்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு ஒரு கிணறு, வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க் என்று வாழ்கிற தெருக்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அந்தத் தெருவுக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் போடலாம் என்றதும் முதலில் வருகிற கேள்வி, "எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு என்ன குறை? எவ்வளவு ருசி தெரியுமா?"

ருசி என்றதும் எனக்கு லண்டன் பிராட் தெரு ஞாபகம் வந்துவிடும். 1854இல் அங்கே காலரா பரவியபோது, தெருவிலிருந்த அடிபம்புத் தண்ணீர்தான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சொல்லி, பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது மிச்சக் கதை. அந்தப் பம்புத் தண்ணீர் ருசிக்குப் பேர்போனது. தொலைவில் வசித்த ஒரு பெண்மணி, மாதக்கணக்கில் அந்தத் தெருப் பக்கமே போகாதவர், ருசிக்காகவே அங்கிருந்து வண்டியில் தண்ணீர் வரவழைத்துக் குடித்தார். காலராவில் இறந்தார்.

அப்புறம் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். ஸ்னோ சொல்வது தப்பு என்று காட்டத்தான் அவர் வீடு வீடாக விசாரிக்கக் கிளம்பினார். கடைசியில் ஸ்னோ சொன்னதற்கே ஆதாரம் கிடைத்தது. பம்பை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் முதலில் வயிற்றுப்போக்கு. அதன் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு மலக்குழியில் ஊற்றியிருக்கிறார். 1855இல் தோண்டிப் பார்த்தால் குழியின் செங்கல் கட்டு உளுத்துக் கிடந்தது. பம்புக்குத் தண்ணீர் தந்த கிணற்றுக்கும் அதற்கும் 3 அடி கூட இடைவெளி இல்லை! தண்ணீர் மட்டும் ருசியாகத்தான் இருந்தது.

காய்ச்சிக் குடித்தால் போதாதா என்பீர்கள். கிருமி சாகும், சரி. கழிவிலிருந்து இறங்குகிற நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் பச்சிளங்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கிற திறனை இழக்கலாம்.

செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது கசடைத் தங்க வைக்கும், அவ்வளவுதான். மேலே தெளிந்த நீர் உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் போகும். மீதி வேலை மண்ணுடையது. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் மண் சமாளிக்கும். நெருங்கிவிட்டால் முடியாது. உங்கள் டேங்க் ஒழுங்காகவே இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் டேங்க்?

அதனால் குழாய் வேண்டும். ஆனால் குழாய் மட்டும் வந்தால் போதும் என்கிற திட்டங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தண்ணீர் தாராளமாக வந்தால் தாராளமாகத்தான் செலவழிப்போம். அத்தனையும் அதே பழைய டேங்குக்குப் போகும். கசடு தங்க நேரமில்லாமல் வெளியே அடித்துக்கொண்டு வரும். இன்னொன்று: கிணறுகளில் இறைப்பது நின்றால் நிலத்தடி நீர் மேலேறும், உறிஞ்சு குழி உறிஞ்சாது. குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடாவிட்டால், காலியான நேரத்தில் சுற்றியுள்ள ஈரத்தை ஓட்டை இணைப்பு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி சொல்கிறேன், குழாய் வந்தாலும் அதே மண்தான். குடிநீர்க் குழாய்க்குத் திட்டம் போடும்போதே பாதாளச் சாக்கடைக்கும் சேர்த்துப் போடுங்கள் என்று ஊர்க் கூட்டத்தில் கேளுங்கள். இரண்டும் ஒட்டி ஒட்டிப் போகக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இணைப்புக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: கிணற்று மோட்டார்க் குழாயையும் பொதுக் குழாயையும் எங்கேயும் இணைக்காதீர்கள், நடுவில் வால்வு இருந்தாலும். பழைய கிணற்றுக்குள் டேங்க் கழிவைத் திருப்பி விடாதீர்கள், பக்கத்தில் யாராவது இன்னும் இறைத்துக்கொண்டிருப்பார்கள். வணக்கம்.