வெள்ளம் வடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, இன்னும் தூக்கம் வரல, டாக்டர்கிட்ட போகணுமா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வெள்ளம் வந்து நாலு மாசம் ஆச்சு, வீட்டை சரி பண்ணியாச்சு, ஆனா அவங்க வீட்டுக்காரர் ராத்திரி தூறல் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு இருட்டுல தரையை கையால தடவிப் பாக்குறாராம், ஈரமா இருக்கான்னு. கதவு பக்கத்துல ஒரு பை எப்பவும் ரெடியா இருக்காம். டாக்டர்கிட்ட போலாம்னா, "செத்தவங்களே எத்தனை பேரு, எனக்கென்ன வந்துச்சு"ன்னு சொல்றாராம்.

போகணும்மா, கண்டிப்பா போகணும். முதல் சில வாரம் தூக்கம் வராம இருக்கிறது, திடுக்திடுக்குன்னு ஆகுறது, அதெல்லாம் யாருக்கும் வரும், நிறைய பேருக்கு தானா குறைஞ்சிடும், அது நோய் இல்ல. ஆனா ஒரு மாசம் தாண்டியும் அப்படியே இருந்து வேலையையும் வீட்டையும் பாதிச்சா பி.டி.எஸ்.டி-யா இருக்கலாம், அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசுல தங்கிப்போற பாதிப்பு, அதை டாக்டர்தான் பாத்து சொல்லணும். இது கோழைத்தனம் கிடையாது, அன்னைக்கு உயிரைக் காப்பாத்துன அந்த உஷாரை உடம்பு இன்னும் விடல, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த "மத்தவங்களுக்கு அதிகம்"ங்கிற பேச்சு, எனக்கு இதுதான் ரொம்ப கஷ்டமா இருக்கு, ஏன்னா இதை சொல்லியே வருஷக்கணக்கா தள்ளிப் போடுறாங்க. இது நிவாரண அரிசி இல்லம்மா, அவர் வாங்கினா இன்னொருத்தருக்கு குறையும்னு.

அங்க போனா எல்லாத்தையும் கிளறுவாங்கன்னு பயப்படுவாரு. அப்படி இல்ல. நடந்ததை முதல் நாளே உக்கார வச்சு கொட்ட வைக்கிறது நல்ல முறையே கிடையாது. பி.டி.எஸ்.டி-க்குன்னே இருக்கிற சி.பி.டி பேச்சு சிகிச்சை வழக்கமா 8ல இருந்து 12 தடவை, கண்ணை அசைக்க வச்சு பண்ற இ.எம்.டி.ஆர்னு இன்னொரு சிகிச்சையும் இருக்கு, அவரோட வேகத்துலதான் போவாங்க. தேவைப்பட்டா செர்ட்ரலின் மாதிரி மாத்திரை கொடுப்பாங்க, அது வேலை செய்ய சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திடாதீங்க. ஆனா மெடிக்கல்ல யாரோ சொன்னாங்கன்னு அல்பிரசோலம், டயசிபாம் மாதிரி பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற மாத்திரையை வாங்கிக் கொடுத்துடாதீங்க, அது இதை சரி பண்ணாது, பழக்கமாயிடும். தூங்கணும்னு குடிக்கிறதும் அதே கதைதான்.

ஏற்கனவே மனநல மாத்திரை எடுத்துட்டு இருந்தவங்க, வெள்ளத்துல மாத்திரை போயிடுச்சுன்னு அப்படியே விட்ருக்கீங்கன்னா அதை முதல்ல கவனிங்க, திடீர்னு நிறுத்துறது ஆபத்து. சாகணும்னு யாராவது சொன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, அன்னைக்கே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, தனியா விடாதீங்க.

அவரை எப்படி கூப்பிடுறதுன்னா, மனநோய்னு ஆரம்பிக்காதீங்க, தூக்கம் வரலன்னு வழக்கமா பாக்குற டாக்டர்கிட்டயே முதல்ல போங்க. கூட நீங்களும் போங்க, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறார், பகல்ல எதுக்கெல்லாம் எரிஞ்சு விழுறார்னு ஒரு வாரம் எழுதி கொண்டு போங்க, அவர் வாயால "நல்லாத்தான் இருக்கேன்"னுதான் வரும். அந்தப் பையை எடுத்து உள்ள வைக்காதீங்க, முக்கியமான பேப்பரெல்லாம் ஒரே இடத்துல இருக்கிறது நல்லதுதான், தரையை தடவுறதுக்குத்தான் வைத்தியம். மழை இல்லாத நாளா பாத்து அப்பாயின்ட்மென்ட் போடுங்க, மழைன்னா அவர் வீட்டை விட்டு கிளம்ப மாட்டார்.