ஓவனுக்கு முன்னால் ஒரு துண்டு

விழாத் தலைவர் அவர்களே, துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் புவியியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, எண்ணெய் வயல் வேலைகளுக்கிடையே வந்திருக்கும் பொறியாளர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

படிகத்துக்குள் சிக்கிய நுண்துளிகளைப் பற்றியும், அவற்றைக் காப்பது பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் படிகமாக வளரும்போது சுற்றியிருந்த நீரும் எண்ணெயும் சில மைக்ரான் அளவுத் துளிகளாக உள்ளே சிக்கிவிடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் எண்ணெய் எப்போது வந்தது என்று சொல்லும் சாட்சி அந்தப் பாய்மப் பொதிவுதான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து அறிவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பியைக் கேளுங்கள். கல்லை ஒளி புகும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தார். சிரித்தார்கள்! மலையை நுண்ணோக்கியில் பார்ப்பது முறையல்ல என்று சுவிஸ் புவியியலாளர் சோசூர் சொல்லியிருக்கிறாரே என்றார்கள். மனிதர் அசையவில்லை. 1858இல் எழுதினார்: துளிக்குள் தெரியும் குமிழி, திரவம் ஆறிச் சுருங்கியதால் விழுந்த இடைவெளி, திரும்பச் சூடாக்கி, குமிழி மறையும் வெப்பநிலையைப் பார்த்தால் படிகம் உருவான வெப்பத்தைக் கணிக்கலாம். இன்றைய ஆய்வகங்கள் செய்வதும் அதைத்தான். துரும்பு உதவியதா இல்லையா?

அபுதாபியின் எண்ணெய் தாங்கும் தமாமா சுண்ணாம்புக்கல்லில், மேல்நோக்கி வளைந்த பாறை அடுக்கின் முகட்டில் துளைகள் திறந்திருக்கின்றன. சரிவில் கால்சைட் அடைத்திருக்கிறது. எண்ணெய் முந்திவந்து முகட்டைக் காத்ததா என்பது நீண்ட விவாதம். துளி இருக்கும் இடத்தைப் பாருங்கள். புற ஊதா ஒளியில் எண்ணெய்த் துளி மஞ்சளாகவோ நீலமாகவோ ஒளிரும். படிகத்தின் வளர்ச்சி வளையத்தில் ஒளிர்ந்தால், கால்சைட் வளரும்போதே எண்ணெய் இருந்தது. ஆறிப்போன விரிசல் வரிசையில் ஒளிர்ந்தால், அந்த எண்ணெய் படிகம் வளர்ந்த பிறகு சிக்கியது. எண்ணெய்த் துளியின் குமிழி பொதுவாகக் குறைந்த வெப்பத்திலேயே மறைந்துவிடும். ஆகவே உடன் சிக்கிய நீர்த்துளியை அளந்து, வயலின் புதைவு வரலாற்றோடு, அதாவது பாறை எப்போது எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதோடு, பொருத்துங்கள். சூடாக்குவது முதலில், நீரின் உப்பளவை அறிய உறைய வைப்பது கடைசியில். உறையும் பனி விரிந்து, மென்மையான கால்சைட்டில் துளியின் சுவரை நீட்டிவிடும். அதன்பின் அளக்கும் வெப்பநிலை எல்லாம் கூடுதலாகவே காட்டும்.

அதே கேட்டை நாமே செய்கிறோம், ஐயா! கோர் பிளக்கை, அதாவது கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் தண்டில் வெட்டிய சிறு உருளையை, கொதிக்கும் டொலுயீன் கரைப்பானில் கழுவி, ஓவனில் உலர்த்துகிறோம். டொலுயீன் கொதிப்பது 110 டிகிரியில். அதைவிடக் குறைந்த வெப்பத்தில் அடைபட்ட துளிகள் அங்கேயே நீளும், வெடிக்கும். பிறகு எந்தக் கருவியும் அவற்றை மீட்காது.

பொறியாளர்களே, பிளக்கின் முனையில் அறுத்தெறியும் துண்டைக் கழுவுமுன் எடுத்து வையுங்கள். கிணறு, ஆழம், மேல்பக்கக் குறி எழுதுங்கள். வெயில் படாத அறையில் வையுங்கள். நுண்ணோக்கியில் பார்க்கும் மெல்லிய கல் சீவல் செய்யும்போது நீர் குளிர்விக்கும் மெதுவான ரம்பம், சூடாக்காமல் இறுகும் எபாக்சி, இருபுறமும் மெருகு, 100 மைக்ரானை ஒட்டிய தடிமன் போதும். துணைவேந்தர் அவர்களே, இந்தத் துண்டுகளுக்கென்று தங்கள் வளாகத்தில் ஓர் அறை ஒதுக்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.