தங்க பெயிண்ட் வேண்டாம்! பழைய லூனார் மாட்யூல் கிட்டுக்கு நிஜத் தோல் போடுவது எப்படி?

[காட்சி: 1/48 மாடல், பக்கத்துல கசங்கின ஃபாயில்]

அப்போலோ 11 பயணத்துல நிலாவுல இறங்கின லூனார் மாட்யூல், அதாவது இறங்கு கலம், ஈகிளோட கேபின் சுவர், ரொம்ப மெலிஞ்ச இடத்துல எவ்வளவு தெரியுமா? வெறும் 0.3 மில்லிமீட்டர். 1/48-க்கு, அதாவது 48-ல ஒரு பங்காச் சுருக்கினா 0.006. சமையலறை அலுமினியம் ஃபாயில் சுமாரா 0.016. அதாவது நம்ம மாடலுக்கு அந்த ஃபாயிலே ரெண்டு மடங்குக்கு மேல தடிமன்! கிட்ல, அதாவது ஒட்டிச் சேர்க்கிற மாடல் பெட்டியில, இருக்கிற 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கை 48-ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் கவசம் வரும். பழைய கிட் பொம்மை மாதிரி தெரியுறதுக்கு முதல் காரணம் இதுதான்.

வணக்கம் நண்பர்களே. 1960-கள் கடைசியில வந்த லூனார் மாட்யூல் கிட்டுக்கு கையாலயே டீட்டெய்ல் சேர்க்கப் போறோம். பாகங்களை சோப்புத் தண்ணில கழுவி, காயவெச்சு, இணைப்புக் கோடுகளைத் தேய்ச்சிடுங்க. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: இறங்கு பகுதி, குளோஸ்-அப்]

இறங்கு பகுதி, அதாவது கலத்தோட கீழ்ப் பகுதி, தங்க நிறமா மின்னுதே, அது தங்கம் இல்ல. காப்டன்னு ஒரு மஞ்சள் நிற பிளாஸ்டிக் படலம். அதோட உள்பக்கத்துல அலுமினியப் பூச்சு. மஞ்சள் கண்ணாடி வழியா வெள்ளியைப் பார்க்குற மாதிரி, அதான் அந்த நிறம். அப்போ நாமளும் அதையே செய்யலாமே! கீழே வெள்ளி, மேலே ஒளி ஊடுருவுற நிறம். தங்க பெயிண்ட்ல இந்த ஆழம் எந்தக் காலத்துலயும் வராது. எனக்கு இந்த மாடல்ல ரொம்பப் பிடிச்ச வேலையே இதுதான்.

அந்தப் படலத்துல தெரியுற கசங்கலும் அலங்காரம் கிடையாது. பல அடுக்குப் படலங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா வெப்பம் கடந்துடும். கசக்கி விட்டா அங்கங்க புள்ளி புள்ளியாத்தான் தொடும். அதுக்காகவே கசக்கினாங்க.

ஃபாயிலை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. உருட்டி எடுத்தப்ப ஒட்டின எண்ணெய் இருந்தா பெயிண்ட் உரிஞ்சு வரும். பளபளப்புப் பக்கம் வெளியே இருக்கட்டும். மெதுவா உருண்டையாக் கசக்கி, கிழியாம விரிங்க. மடிப்பு 1 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா பரிசுப் பொட்டலம் மாதிரி ஆயிடும். இப்போ ஒளி ஊடுருவுற பெயிண்ட்: டமியா கம்பெனியோட கிளியர் யெல்லோ எக்ஸ்-24 மூணு பங்கு, கிளியர் ஆரஞ்சு எக்ஸ்-26 ஒரு பங்கு. ஏர்பிரஷ்ல, அதான் காத்தால பெயிண்ட் தெளிக்கிற கருவியில, மெல்லிசா ரெண்டு மூணு கோட் போதும். பிரஷ்ஷால அடிச்சா மடிப்புக்குள்ள தேங்கி கறுத்துப் போகும். ஒவ்வொரு துண்டுக்கும் ஆரஞ்சைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு அடிங்க, ஒரே நிறம் வேண்டாம்.

ஒட்டுறதுலதான் நிறைய பேர் கவுந்துடுவாங்க. வெள்ளைப் பசை போட்டா, ஒரு பக்கம் ஃபாயில், மறுபக்கம் பிளாஸ்டிக். ஈரம் எங்க போகும்? நாள் கணக்கா காயாம ஃபாயில் வழுக்கிக்கிட்டே இருக்கும். பிளாஸ்டிக்கைக் கரைச்சு ஒட்டுற பிளாஸ்டிக் சிமென்ட் ஃபாயிலைப் பிடிக்கவே பிடிக்காது. ஃபாயிலுக்குன்னே விக்கிற பசையைப் பூசி, வெள்ளை மறைஞ்சு விரல்ல ஒட்டுற பதம் வந்ததும் வைங்க. பேனல் பேனலா தனித்தனியா வெட்டி ஒட்டி, விளிம்புல 1 மில்லிமீட்டர் அகலப் பட்டை. நிஜத்துல அது 48 மில்லிமீட்டர் டேப்.

ஒரு எச்சரிக்கை: முழுசும் தங்கமாக்கிடாதீங்க. ஈகிளோட மேல் பகுதி பெரும்பாலும் வெள்ளிச் சாம்பலும் கறுப்பும்தான்.

[காட்சி: கால்]

கால்கள். பாதத் தட்டு நிஜத்துல சுமாரா 94 சென்டிமீட்டர், மாடல்ல 19.6 மில்லிமீட்டர். கிட் பாதத்தை ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க. தரை தொட்டதைச் சொல்ற உணர்கம்பி 1.7 மீட்டர். 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில 35 மில்லிமீட்டர் வெட்டுங்க. பின் வைஸ்ல, அதான் கையால சுத்துற குட்டி துளைக்கருவியில, துளை போட்டு சூப்பர் க்ளூ ஒரு சொட்டு. ஆனா மூணு கால்ல மட்டும்! அப்போலோ 11-ல ஏணி இருக்கிற கால்ல உணர்கம்பி கிடையாது. கிட்ல நாலு இருந்தா ஒண்ணை வெட்டிடுங்க.

இன்னொண்ணு, அப்போலோ 11-க்கு முந்தின வரைபடங்களை வெச்சுப் பண்ண கிட்கள்ல விட்டுப்போறது. கீழ்நோக்கிப் பாயுற ஒவ்வொரு சின்ன எஞ்சினுக்கும் அடியில, இறங்கு பகுதி மேல, பாதி புனல் மாதிரி ஒரு தடுப்பு. அப்போலோ 9, 10-ல இல்ல, 11-லதான் வந்தது. 0.13 மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டை பேனாத் தண்டு மேல உருட்டி வளைச்சு, 0.5 மில்லிமீட்டர் கம்பியில தாங்கு கால் வைங்க. இங்க சூப்பர் க்ளூ கொஞ்சமா. அதோட ஆவி ஜன்னல்ல படிஞ்சா வெண்மையாப் பூத்துடும், அதனால ஜன்னலைக் கடைசியா மாட்டுங்க.

வடிவம் சந்தேகமா இருந்தா நாசாவோட ஏஎஸ்11-40 சுருள் படங்களைத் திறந்து வெச்சுக்கோங்க, நிலாத் தரையில நின்னு எடுத்தது. உங்க கிட் எந்த அப்போலோன்னு கமெண்ட்ல சொல்லுங்க. 15, 16, 17 இறங்கு பகுதியே வேற, அதுக்கு தனி வீடியோ போடுறேன்.