சந்தேகங்களுக்கு விளக்கம்: சங்கத்துல இருக்கலாமா, வெளிய வந்துடோணுமா?

திருப்பூர்ல சாயப்பட்டறை வச்சிருக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காருங்க. "அய்யா, எங்க சங்கத்துல ஆயுத பூசைக்கு எல்லாத்துகிட்டயும் வசூல் பண்றாங்க. 'அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக'ன்னு 2 கொரிந்தியர் 6:14 சொல்லுதே. நான் சங்கத்தை விட்டே வந்துடோணுமா?"

நெம்ப நல்ல கேள்வி. இதே கேள்வி, இதே தொழில்ல, வெளிப்படுத்தல்லயே இருக்குதுங்க. தியத்தீரா! ஏழு சபையைப் பத்திப் பேசுனப்பவே சொன்னேன், மறுபடியும் சொல்றேன். இரத்தாம்பரம் வித்த லீதியாளோட ஊரு அது. அங்க கெடச்ச கல்வெட்டுகள்ல சாயக்காரங்க, கம்பளிக்காரங்க, தோல் வேலைக்காரங்க, அவங்கவங்களுக்குன்னு தனித்தனிச் சங்கம் இருந்தது தெரியுது. சங்கம்னா விருந்து இருக்கும், விருந்துன்னா படையல் இருக்கும். படைச்சதுதான் பந்திக்கு வரும்.

வெளிப்படுத்தல் 2:20ல, அந்தத் தியத்தீரா சபையில கர்த்தர் கண்டிக்கறது எதை? விக்கிரகத்துக்குப் படைச்சதைப் புசிக்கறதை, வேசித்தனத்தை. சாயத்தொட்டியை மூடு, சங்கத்துல பேரை வெட்டுன்னு ஒரு வார்த்தை இல்லீங்க. 24ல "வேறொரு பாரத்தையும் சுமத்தமாட்டேன்"ங்கறாரு.

அப்ப நுகம்னா என்ன? காங்கேயம் மாட்டை ஏர்ல பூட்டுனவங்களைக் கேளுங்க. நுகத்தடியில ஒண்ணு திரும்புனா இன்னொண்ணும் திரும்பியாகோணும். உசரம் ஒத்துவராட்டி நுகம் சாயும், கழுத்து புண்ணாகும், சால் கோணிக்கும். ஆனா ஒரே கட்டுத்தரையில நிக்கறது வேற, ஒரே நுகத்துல பூட்டறது வேறங்க. "மாட்டேன்"னு சொன்ன பொறகும் உங்களை உறுப்பினரா வச்சிருக்காங்களா? அப்ப அது கட்டுத்தரை.

தம்பி, மொதல்ல விதிமுறைப் புத்தகத்தை வாங்கிப் பாருங்க. பூசைச் செலவு சந்தாவுக்குள்ள வருதா, தனி வசூலா? தனி வசூலுன்னா, நோட்டு உங்க வாசலுக்கு வர்றதுக்கு முன்னாலயே செயலாளரைத் தனியாப் பாத்துச் சொல்லிடுங்க. பொதுக்குழுவுல எந்திரிச்சு வசனம் படிக்காதீங்க. சந்தாவுல கலந்திருந்தா ரெண்டு ரசீதாப் பிரிச்சுக் கேளுங்க. இது புதுசில்லீங்க, 1926-ம் வருசத் தொழிற்சங்கச் சட்டமே அரசியல் நிதியைத் தனியா வச்சு, அதுக்குக் காசு குடுக்கோணும்னு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னுச்சு.

இன்னொண்ணு. பூசைக்குப் போகலைன்னு பொதுக்குழுவுக்கும் போகாம விட்டுடறாங்க, அதுதான் தப்பு. பல பட்டறைக்கு ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையம். 2011ல உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னப்ப வேதக்காரர் பட்டறை, மத்தவங்க பட்டறைன்னா பாத்தாங்க? சங்கத்தை விட்டுட்டா உங்க சாயத்தண்ணிக்கு யாரு பேசுவாங்க? காசை மிச்சம் பண்றான்னு பேச்சு வராம இருக்க, பூசைக்குக் குடுக்கற அதே தொகையைத் தொழிலாளி பிள்ளைங்க படிப்புக்குக் குடுங்க.

தம்பி சங்கத்தைக் கேட்டாரு, கூட்டத்தைக் கேக்கலீங்க. சாதிக்குள்ள இருக்கற குலம், கூட்டம், அதைச் சொல்றேன். 1623ல போப்பு பதினஞ்சாம் கிரகோரி, ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குப் பூணூலும் குடுமியும் குல அடையாளந்தான், மூடநம்பிக்கை கலக்காம வச்சுக்கலாம்னு அனுமதிச்சாரு. அதே வருசம், மதுரையில ஊழியம் பண்ணுன இத்தாலி நாட்டு இயேசு சபைக் குரு, தத்துவ போதகர்னு பேரு வச்சுக்கிட்ட நோபிலி நம்ம சேந்தமங்கலம், சேலம் வரைக்கும் வந்தாரு. பொறகு என்ன ஆச்சு? ஒசந்த சாதிக்கு ஒரு சாமியார், மத்தவங்களுக்குப் பண்டாரசாமின்னு குருமாரே ரெண்டாப் பிரிஞ்சாங்க. ஆயுத பூசைக்கு அம்பது ரூபா குடுக்கலாமான்னு கேக்கற நாம, பொண்ணு பாக்கப் போனா "விசுவாசியா"ன்னு கேக்கறதுக்கு முன்னால "என்ன கூட்டம்"னுதானுங்க கேக்கறோம்? அங்க "மாட்டேன்"னு சொன்னா, சபையில எத்தனை பேரு நம்ம வீட்டு விசேசத்துக்கு வருவாங்க? அதை எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் பேசலாமுங்க.