ஆடுபவளைப் பார்த்தது போதும், கூடத்தைப் பாருங்கள்

(கோத்தகிரியில் தேயிலைத் தோட்ட, தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் குன்னூரிலிருந்து வளைவு வளைவாக ஏறி வந்திருக்கும் தேயிலை வாரிய அலுவலர் அவர்களே, முன்வரிசையில் வெள்ளைத் தலைப்பாகையோடு அமர்ந்திருக்கும் ஊர் கவுடர் ஐயா அவர்களே, கூட்டுறவுத் தொழிற்சாலை இயக்குநர்களே, மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகளே, பறிக்கிற ஆட்களை மேற்பார்க்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் மேஸ்திரிமார்களே, தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் அண்ணன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். மைக் செட் தம்பிக்குத் தனி வணக்கம். அவர் மனது வைத்தால்தான் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும். பொன்னாடைக்கும் நன்றி. கோத்தகிரிக் குளிருக்கு அது உண்மையிலேயே உபயோகமானது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘குழுத் தலைமையில் நேர்மறை மனப்பான்மையும் தீர்வு காணும் நோக்கும்’. மூன்று விஷயங்கள் சொல்லப்போகிறேன். ஒன்று, தவறு நடந்தால் முதலில் எதைத் தேடுவது. இரண்டு, குறை சொல்பவரை என்ன செய்வது. மூன்று, பாராட்டு.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் அலுவலகங்களில் பாதிக் கூட்டம் இந்த ஒரு வரியில்தான் நடக்கிறது.

குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பேர் வேண்டாம். ஜூன் மாத மழை, இலை வரத்து குவியும் நேரம். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு, பறித்த இலையைக் காற்றூதி வாட்டும் நீளத் தொட்டியான ட்ரஃபில் ஃபேன் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. ஈரக் கொழுந்து முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. காற்று ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உள்ளே கையை விட்டால் வெதவெதவென்று இருக்கும், அப்புறம் சுடும், அப்புறம் இலை சிவந்துவிடும். மேலாளர் ஓடி வந்தார். வந்தவர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். “மோட்டாருக்கு கடைசியா கிரீஸ் போட்டது யாரு?” ஃபிட்டர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன், வோல்டேஜ் சரியில்லை என்று ஈ.பி.யின் தலையில் போட்டார். ஸ்டோர் கீப்பர், “பேரிங் கேட்டு எப்பவோ எழுதிக் கொடுத்தாச்சு சார்” என்று நோட்டைத் தேடப் போனார், போனவர் போனவர்தான். அந்த மேலாளருக்கு ஒரு பழக்கம், பதில் கிடைக்கும்வரை ஒரே கேள்வியைக் குரலை மட்டும் ஏற்றி ஏற்றிக் கேட்பார். இலை சூடாகிறது, இவரும் சூடாகிறார். வயதான டீ மேக்கர் ஒருவர் ஓரமாக நின்று ட்ரஃபுக்குள் கையை விட்டுவிட்டு எடுத்தார். “சார், விசாரணையைக் காலையில வச்சுக்கலாம். இலை காலை வரைக்கும் இருக்காது” என்றார்.

(கைதட்டல்)

நீங்கள் தட்டுகிறீர்கள், அன்றைக்கு அங்கே யாரும் மூச்சு விடவில்லை. அப்போது தூள் சலிக்கும் அறையில் வேலை முடிந்து பையோடு கிளம்பிக்கொண்டிருந்த ஒரு அக்கா, வாசலில் நின்றபடியே, “அந்தக் கடைசி ட்ரஃபுல பாதி காலியாத்தானே கெடக்கு? மிச்சத்த மாடித் தரையில மெல்லிசாப் பரப்பிட்டா ஆறிடாதா?” என்றார். அவ்வளவுதான். ஆளுக்கொரு சாக்கை எடுத்து அள்ளினார்கள். மேலாளரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அள்ளினார் என்று சொல்வார்கள். அது பிற்பாடு கதையில் சேர்ந்ததாகவும் இருக்கலாம், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. இலை பெரும்பாலும் தப்பியது. மோட்டார் ஏன் புகைந்தது என்று மறுநாள் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். எது முதலில், எது அப்புறம் என்பதில்தான் தலைமை இருக்கிறது.

டொயோட்டா கார் தொழிற்சாலைகள் பலவற்றில் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் வந்து நிற்பார், சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். இழுத்தவரை யாரும் திட்டுவதில்லை. நம் தொழிற்சாலையில் இப்படி ஒரு கயிறு கட்டினால், ‘எவன்டா இழுத்தது’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

அடுத்து, குறை சொல்பவர். ஏமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று பார்த்தால், கணக்கில் அங்கேதான் அதிகம். பிறகுதான் புரிந்தது: நல்ல குழுவில் இருப்பவர்கள் பயப்படாமல் சொல்கிறார்கள், மற்ற இடத்தில் மறைக்கிறார்கள். ஆக, ‘எங்க தோட்டத்துல ஒரு பிரச்சினையும் இல்ல சார்’ என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

1899-லிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஓடுகிற நம் மலை ரயிலைப் பாருங்கள். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனுக்குத்தான் தெரியும். அவர் சிவப்பைக் காட்டினால் ‘எதிர்மறையாகப் பேசாதே’ என்று யாராவது சொல்வார்களா?

இனி நான் எங்கே வருவேன் என்று கவுடர் ஐயாவுக்குத் தெரியும், சிரிக்கிறார். மத்தியானத்துக்கு மேல் கொழுந்து எடை குறைகிறது என்று எல்லா மேஸ்திரிகளும் சொல்கிறீர்கள். ‘பொம்பளைங்க சோம்பல்’ என்று காரணமும் சொல்கிறீர்கள். யாராவது கேட்டீர்களா? காலையில் பேர் பதியும் மஸ்டருக்கு வந்ததிலிருந்து அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, அதற்கு மேல் இடுப்பில் பிளாஸ்டிக் தாள், அதைச் சுற்றி இறுக்கிய கயிறு. மழையில் விறைத்த விரலால் அந்த முடிச்சை அவிழ்க்கவே நேரமாகும். அவிழ்த்துவிட்டு எங்கே போவது? சோலை ஓரம் கரடி, கீழ்ப் பக்கம் காட்டெருமை, எல்லா இடத்திலும் அட்டை. தண்ணீர் இல்லாமல் தலை சுற்றும்போது கை எப்படி ஓடும்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சரி, ஒருநாளாவது யாராவது நூல் பிடித்துக் கூடத்தைப் பார்த்தார்களா? அது உண்மையிலேயே கோணலாக இருந்தால்?

1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே குடிநீரும் கழிப்பறையும் எழுதியிருந்தது. ஆனால் அது எஸ்டேட்டுகளுக்கு. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நம் சிறு விவசாயிகளின் தோட்டம் அதற்குள் வரவில்லை. அதனால் தனித்தனியாக யாரும் கட்ட வேண்டாம். எடை போடும் இலை ஷெட் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாளை மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் மற்ற எல்லாம் இருக்கும், அது இருக்காது.

மூன்றாவதாகப் பாராட்டு பற்றிச் சொல்வதாக இருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சாப்பாடும் வந்துவிட்டது. அதை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம்.

இந்தக் கழிப்பறைகளைக் கேட்டு அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க வேண்டிய தீர்மான வாசகத்தை அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். உங்கள் ஊராட்சியின் பெயரும் இலை ஷெட் இருக்கும் இடமும் மட்டும் காலியாக இருக்கும், அதை நிரப்பிக் கொடுங்கள். மேஸ்திரிகள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, பறிக்கிற அக்காமார்களிடமும் வாங்கி வாருங்கள். வாரிய அலுவலர் ஒரு பிரதியைத் தாமே எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.