எங்கம்மா பார்த்த பொந்தியானாக்

வணக்கம் நேயர்களே. நான் சுங்கை சிப்புட்டுல இருந்து வந்திருக்கேன், தமிழ்ப்பள்ளியில வாத்தியாரம்மாவா இருந்து ரிட்டையர் ஆனவ. பழைய பேய்ப்படம் ஒண்ணப் பத்தி பேசுங்க டீச்சர்னு கூப்பிட்டாங்க, நானும் வாயத் தொறந்து சரின்னுட்டேன், அப்புறம் பஸ்ல வரும்போதுதான் உறைக்குது, நான் பேசப்போற படத்த நான் பார்த்ததே கிடையாது. நான் மட்டும் இல்ல, இனிமே யாரும் பார்க்க முடியாது, ஏன்னா படச்சுருளே இல்ல. எங்கம்மா பார்த்தாங்க, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. அவங்க சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம்.

படத்துப் பேரு 'பொந்தியானாக்', மலாய்க்காரங்க சொல்ற ஒரு பொம்பளப் பேயோட பேரு அது. 1957 ஏப்ரல் 27ல சிங்கப்பூர் கெத்தே தியேட்டர்ல போட்டாங்க, நம்ம மெர்டேக்காவுக்கு, அதான் மலாயா சுதந்திரத்துக்கு, நாலு மாசம் முன்னாடி. கெத்தே-கெரிஸ் கம்பெனி எடுத்தது. அந்தக் கம்பெனி முதலாளி லோக் வான் தோவோட குடும்பத்துப் பணம் ஈயத்துலயும் ரப்பர்லயும் சம்பாதிச்ச பணம், அதனால பால் வெட்டுன கைக்கும் அந்தப் பேய்க்கும் கொஞ்சம் சொந்தம் இருக்குன்னு நான் சொல்லிக்குவேன். பேயா நடிச்சது மரியா மெனாடோ, இந்தோனேசியா சுலாவெசியில பொறந்தவங்க. டைரக்டர் யாருன்னு நெனைக்கிறீங்க, பி.என். ராவ், இந்தியாவுல இருந்து வந்தவர். அப்பல்லாம் மலாய்ப் படத்துக்கு நம்ம ஊர் டைரக்டர்ங்கதான் நெறைய பேர், மலாய் சினிமாவோட பெரிய நடிகர் பி. ரம்லிய 'பக்தி' படத்துல கதாநாயகனா போட்ட எல். கிருஷ்ணனும் மெட்ராஸ்ல பொறந்தவர்தான். அந்தப் படங்கள்ல பொம்பள அழுவறதப் பார்த்தா நம்ம வீட்டுப் பொம்பள அழுவற மாதிரியே இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க, காரணம் இதுவா இருக்கலாம்.

சரி, அம்மா கதைக்கு வர்றேன். அம்மாவுக்கு அப்ப 21 வயசு, எங்கக்கா வயித்துல ஏழு மாசம். கம்யூனிஸ்ட்காரங்களோட சண்டை நடந்த அவசரகாலம் இன்னும் முடியல, அது 1960லதான் முடிஞ்சுது, ராத்திரி வெளிய போறதெல்லாம் நெனச்சுக்கூட பார்க்க முடியாது, அதனால ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டம். சம்பளம் போட்ட வாரம், தோட்டத்து லோரியில பத்துப் பதினஞ்சு பேரு. புள்ளத்தாச்சி பேய்ப்படம் பார்க்கக் கூடாதுன்னு எங்க பாட்டி, அதாவது அம்மாவோட மாமியார், தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசல்ல நின்னு கத்துறாங்க, அம்மா முந்தானையில வேப்பிலையும் ஒரு துண்டு இரும்பும் முடிஞ்சுக்கிட்டு லோரியில ஏறிட்டாங்க. அந்த இரும்பு வேற ஒண்ணும் இல்ல, தேஞ்சுபோன பால் வெட்டுற கத்தியோட முனை.

கதை என்னன்னா, சோமெல்னு ஒரு கூனி, பார்க்க அவலட்சணம், ஒரு கெழவர் எடுத்து வளர்க்குறார். அவர் செத்ததும் அவரோட மந்திரப் புத்தகத்தப் படிச்சு இவ அழகியா மாறிடறா, ஆனா ஒரு கட்டுப்பாடு, ரத்தம் நாக்குல படக்கூடாது. கல்யாணம் ஆகுது, நல்லாத்தான் இருக்கா. ஒருநாள் புருஷன பாம்பு கடிச்சிருது. அந்த எடம் வந்ததும் அம்மா கதைய நிறுத்திட்டு என் கணுக்கால இறுக்கிப் புடிப்பாங்க, பாரு இந்த எடத்துலதான்னு, அவங்க விரல்ல ரப்பர் ஒட்டுப்பால் நாத்தம் எப்பவும் இருக்கும். அவ என்ன பண்ணுவா, விஷத்த எடுக்கணுமே, வாய வச்சு உறிஞ்சுறா, விஷம் வருது, பின்னாடியே ரத்தம் வருது, அவளால நிறுத்த முடியல.

தியேட்டர்ல ஆம்பளைங்க கத்திக்கிட்டு எந்திரிச்சுட்டாங்களாம், முன்வரிசையில ஒருத்தர் செருப்ப விட்டுட்டு ஓடிட்டாராம். பொம்பளைங்க ஓடல, அழுதாங்களாம். ஏன்னு யோசிச்சுப் பாருங்க, காலையில இருட்டுல பால்மரக் காட்டுல புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு நெரை பார்க்குறவங்க, நெத்தியில கட்டுன கார்பைட் விளக்கு வெளிச்சம் காலடிக்கு வராது, பாம்புன்னா அவங்களுக்கு சினிமா இல்ல. அம்மா சொல்லுவாங்க, "அவ என்னடி தப்பு பண்ணா, புருஷன காப்பாத்தத்தானே வாய வச்சா." எனக்குத் தெரிஞ்சு எங்க லயத்துல பொந்தியானாக்குக்கு வக்காலத்து வாங்குன ஆளு எங்கம்மா ஒருத்தங்கதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், பெரியவளானதும் பார்த்தா அந்த வயசுப் பாட்டிங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.

இதுல ஒரு விஷயம் கவனிச்சேன். ஸ்கீட்னு ஒரு வெள்ளைக்காரர் மலாய் மாந்திரீகத்தப் பத்தி 1900ல ஒரு புத்தகம் போட்டார். அதுல பிரசவத்துல செத்த தாய்க்குப் பேரு லங்சுயிர், செத்துப் பொறந்த குழந்தைக்குத்தான் பொந்தியானாக்னு பேரு. தாய் பேயாகாம இருக்க பொணத்தோட வாயில கண்ணாடி மணி போடுவாங்க, அக்குள்ல முட்டை வைப்பாங்க, உள்ளங்கையில ஊசி குத்துவாங்கன்னு எழுதியிருக்கார். இப்ப போய் யாரையாவது கேளுங்க, மலாய்க்காரரோ சீனரோ நம்ம ஆளோ, பொந்தியானாக்னா பொம்பள, நீளமான முடி, கெம்போஜா பூ வாசம், அவ்வளவுதான். லங்சுயிர்னா முழிப்பாங்க. இந்த மாத்தத்துல பெரிய பங்கு சினிமாவோடதுன்னுதான் நான் சொல்லுவேன்.

நம்ம பக்கம் எப்படின்னா, தமிழ்நாட்டுக் கிராமத்துல புள்ளையோட செத்துப்போன பொம்பளைக்கு சுமைதாங்கிக் கல்லு வைப்பாங்க. ரெண்டு கல்ல நட்டு மேல ஒரு கல்லு, வழியில போறவன் தலைச்சுமைய எறக்கி வச்சு இளைப்பாறிட்டுப் போவான், அவ எறக்காமப் போன சுமைக்கு அது ஈடு. கப்பலேறி வந்தப்ப முனியாண்டிய கொண்டு வந்தோம், மாரியம்மன கொண்டு வந்தோம், எங்க தோட்டத்துல மட்டும் சுமைதாங்கி ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல. பிரசவத்துல செத்த பொம்பளைங்க இருந்தாங்க, எங்க லயத்துலயே ரெண்டு பேரு. கல்லு இல்லாத எடத்துல அவங்கள நெனைக்கிறதுக்கு மலாய்க்காரங்களோட பேய்தான் கெடச்சுதுன்னு எனக்குத் தோணும். ஆணி கதையும் அப்படித்தான், பொந்தியானாக்கோட பிடரியில ஆணி அடிச்சா நல்ல பொண்டாட்டியா இருப்பாம்பாங்க, நம்ம பூசாரி பேய் ஓட்டிட்டு உச்சி முடிய மரத்துல வச்சு ஆணி அடிப்பார். அதனால நம்ம ஜனங்களுக்கு இதப் புரிஞ்சுக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கல.

படம் நல்லா ஓடுச்சு, அதே 1957லயே ரெண்டாவது பாகம் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958ல 'சும்பா பொந்தியானாக்'. மூணாவது மட்டும்தான் இப்ப மிச்சம். முதல் ரெண்டும் போச்சு, கம்பெனிக்காரர் ஹோ ஆ லோக் பெட்டிய வைக்க எடமில்லாம ஈயம் தோண்டுன பள்ளத்துல தண்ணி தேங்குன ஒரு ஈயக்குட்டையில போட்டுட்டார்னு ஒரு பேச்சு. எங்க பக்கம் ஈயக்குட்டைக்கா பஞ்சம். அத நான் பசங்ககிட்ட சொன்னதுல இருந்து ஸ்கூல் பின்னாடி இருக்குற குட்டையில எவனும் தூண்டில் போடப் போறதில்ல, அதுக்கு எச்எம் என்னத் திட்டல, தேங்க்ஸ் சொன்னார். மரியா மெனாடோ 1963ல பகாங் சுல்தானக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அந்த நியூஸ் வந்தப்ப அம்மா பேப்பர மடியில வச்சுக்கிட்டு, "பாத்தியா, பேய்க்கு வந்த வாழ்வ"ன்னு லயம் பூரா சொல்லிட்டு வந்தாங்களாம்.

இப்ப தோட்டமே இல்ல. பால் மரம் போயி செம்பனை வந்துச்சு, அப்புறம் வீடமைப்பு. குளிக்கிற எடத்துக்குப் பின்னாடி, பொந்தியானாக் குடியிருக்கும்னு சொல்ற வாழைக்கூட்டத்த புல்டோசர் தள்ளுன அன்னிக்கு பக்கத்து வீட்டு அண்ணன், "அது எங்க போய்க் குடியிருக்கும் பாவம்"னார். வெளையாட்டாத்தான் சொன்னார், ஆனா யாரும் சிரிக்கல.

2004ல 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' வந்துச்சுல்ல, ஷுஹைமி பாபா எடுத்தது, மாயா கரின் நடிச்சது, கர்ப்பிணியா கொல்லப்பட்ட ஆட்டக்காரி பழிவாங்குற கதை. கொஞ்ச வருஷம் கழிச்சு டிவியில போட்டப்ப அம்மாவ உக்கார வச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு மூச்சு விடாம பார்த்தாங்க, நல்லாத்தான் இருக்குன்னாங்க. பாதிப் படத்துல என்னப் பார்த்துத் திரும்பி, "ஏண்டி, இவ புருஷன பாம்பு எப்பக் கடிக்கும்?"னாங்க. இதுல பாம்பு இல்லம்மான்னேன். அப்புறம் எதுக்குடி பார்க்கணும்னு எந்திரிச்சுப் போய் படுத்துட்டாங்க, போற வழியில பின்கட்டுக் கதவுல தாப்பாள் போட்டிருக்கான்னு ரெண்டு தடவ இழுத்துப் பார்த்துட்டுத்தான் போனாங்க.